மணவினையும் மணப்பதிவும்

மணவினை குடும்பத்தார்க்கு மங்கலம். அரசினர்க்கோ உரிமையும் கடமையும் பிறப்பிக்கும் ஒப்பந்தம். இவ்விரு நோக்கும் நம் நாட்டில் இயைந்து நிற்குமாற்றை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

இலங்கையில் விவாகப் பதிவுக்குச் சட்டங்கள் மூன்று உள. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டமாகும். இந்துக்களும் கிறித்தவர்களும் இதன்வழிப் பதிவர். முஸ்லிம் ஒருவரும் பிற சமயத்தவர் ஒருவரும் மணப்பினும் இதுவே வழி. கண்டிச் சிங்களவர்க்கு 1952 ஆம் ஆண்டுச் சட்டமும், மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாயின் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும் உரியன.

முஸ்லிம்களின் வழக்கில் நிக்காஹ்வே மணம். பதிதல் கடமையெனினும், பதியாமையால் அம்மணம் செல்லாததாகாது. மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது மஹர். பெண் வீட்டார் மணமகனுக்குக் கொடுப்பது கைக்கூலி. ஆங்கிலத்தில் எழுந்த சட்டம் இத்தமிழ்ச் சொல்லை அவ்வாறே ஏற்று, அப்பொருளை மனைவி காதியார் வாயிலாக மீட்கவும் வழி வகுத்தது. நமது தேசவழமை பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் முதுசம், தேடிய தேட்டம் என்னும் சொற்களை அவ்வாறே ஏற்றது.

1995 இல் பொதுச் சட்டம் மணவயதை 18 ஆக உயர்த்தியபோது முஸ்லிம்கள் அதற்குப் புறம்பாயினர். 1951 ஆம் ஆண்டுச் சட்டம் மணமகளின் கையொப்பத்தை வேண்டாது, வலீ எனப்படும் பொறுப்பாளரின் கையொப்பத்தையே வேண்டிற்று. இவற்றைத் திருத்துமாறு முஸ்லிம் மாதரே குரலெழுப்பினர். 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018 இல் அறிக்கை அளித்தது.

இதுகண்டு நாம் இறுமாத்தல் தகாது. மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என விதித்தது மேற்கூறிய 1911 ஆம் ஆண்டுச் சட்டமே. அயலார் வழக்கை அளக்கும் கோலால் நம் வழக்கையும் அளத்தலே நேர்மை.

மற்றொன்றும் கூறுதும். வழக்கப்படி தாலி கட்டி நிகழ்ந்த நம்மவர் மணம், பதியாவிடினும் செல்லும். ஆயினும் பதிவேட்டுக் குறிப்பே மணத்துக்குச் சிறந்த சான்று எனச் சட்டம் கூறும். 2009 இல் முடிந்த போரில் கணவரையும், மணத்தைக் கண்ட சுற்றத்தாரையும் ஒருங்கே இழந்த வன்னி மகளிர்க்கு இவ்வேற்றுமை ஏட்டளவினதன்று. காணியுரிமையும் உதவிப் பணமும் பிள்ளைகளின் உரிமையும் அச்சான்றைப் பற்றியே நின்றன. பதிந்தோர் பத்திரத்தை இழப்பினும், பதிவேடு உளதாயின் படி பெறலாம். பதியாதார்க்குச் சாட்சிகளே துணை, அவரும் மறைந்தால் துணையில்லை.

ஆதலின், மாணவர்காள், சடங்கைப் போற்றுங்கள், பதிவையும் மறவாதீர்கள். தாலி ஊரார் அறிய மணத்தைக் காட்டும்; ஊர் சிதறிய காலத்தும் அதனைக் காட்டுவது பதிவேயாம்.