வன்முறையின் விலையைச் செலுத்துவது யார்?

சண்டையில் ஒருவனை அடித்துப் படுக்கையில் கிடத்தியவன், அவன் வேலையிழந்த நாட்களுக்கு ஈடு தந்து, அவனுக்கு முழுச் சுகம் கிடைக்கச் செய்யவேண்டும் என்று யாத்திராகமம் 21:18, 19 விதிக்கிறது. குற்றவாளியைத் தண்டிப்பதோடு நீதி முடிவடைவதில்லை. இழந்தவனின் இழப்பும் கணக்கிடப்பட வேண்டும் என்பதே இதன் கருத்தாகும். இக்கணக்கை நம் நாட்டு நிகழ்ச்சியொன்றில் காண்போம்.

கரியாலூர் அமைந்துள்ள கல்வராயன் மலைக்கு அண்மையிலுள்ளது சித்தேரி மலை. இரண்டிலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்திக்குள் 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியமும் கால்நடையும் அழிக்கப்பட்டன, நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

ஏழைக்கு ஆடே சேமிப்பு. தானியமே அடுத்த பருவத்தின் விதை. ஆகவே அன்று அழிந்தது அவ்வாண்டின் உணவு மட்டுமன்று, பின்வரும் ஆண்டுகளின் பிழைப்புமாகும். சிறையில் கழிந்த நாட்களும் நீதிமன்றத்திற்கு நடந்த நாட்களும் கூலியற்ற நாட்களே. சமுதாய இழப்போ இன்னும் ஆழமானது. காக்க வேண்டியவரே தாக்கும்போது, முறையிடச் செல்லும் வாசலும் அடைபட்டுப்போகிறது.

குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டனை பெற்றனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் இதனை உறுதிசெய்து, பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் ஆணையிட்டது. இது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆனால் காத்திருந்த முப்பத்தோராண்டுகளுக்குப் பகிர்ந்தால், மாதத்திற்கு ஏறக்குறைய 2,700 ரூபாயே ஆகும். அவ்வளவு காலமும் வன்முறையின் விலையைச் செலுத்தி வந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே.

எனவே, மலைக்கிராமங்களில் ஊழியம் செய்யும் ஆயர்கள், வன்முறைக்குள்ளான குடும்பத்தைச் சந்திக்கையில் ஜெபத்தோடு சில கேள்விகளையும் கேட்பது கடமையாகும். நிலத்தை உழுவது யார்? பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா? வழக்குக்குப் போய்வரச் செலவுக்குப் பணம் உண்டா? அரசின் இழப்பீட்டிற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்கள் அறிவார்களா? நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நில்லாமல், விடுதிச் செலவையும் ஏற்றான். திருச்சபையும் அச்செலவில் பங்கேற்க வேண்டும்.