உப்புக் கரிக்கும் வியர்வை

1948 கோடையில் நியூயார்க்கில் வெயில் கொளுத்தியது. சூடு தாங்காமல் சுருண்டு விழுந்த குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்ததை அங்கிருந்த டாக்டர்கள் கவனித்தார்கள். பத்து வருடம் முன்புதான், 1938-இல், டோரத்தி ஆண்டர்சன் என்ற நோயியல் நிபுணர் அதைத் தனி நோயென்று பிரித்துக் காட்டியிருந்தார். இறந்த குழந்தைகளின் கணையம் தழும்பேறிக் கிடந்ததை அவர் பார்த்திருந்தார். இந்த நோயில் கெட்டிச் சளி நுரையீரலை அடைக்கும். கணைய நீர் குடலுக்கு வராததால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. சரி, சளி நோய்க்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

விடை வியர்வையில் இருந்தது. அந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி இருப்பதை பால் டி சான்டக்னேசே 1953-இல் கண்டுபிடித்தார். நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் பிள்ளை நீடிக்காது என்று ஐரோப்பியக் கிராமங்களில் பழைய பேச்சு ஒன்று உண்டு. ஆய்வகம் அங்கே வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

இன்றைக்கும் நோயை உறுதிசெய்ய வியர்வைதான். முன்கையில் பைலோகார்பின் மருந்தை வைத்து, லேசான மின்சாரத்தைச் சில நிமிடம் செலுத்தினால் அந்த இடம் மட்டும் வியர்க்கும். சேரும் சில துளிகளில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த நோய்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இவ்வளவு எளிய சோதனை நம் ஊரில் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றோடு நின்றுவிடுகிறது. ஓயாத இருமலும் ஏறாத எடையுமாக வரும் குழந்தையைப் பார்த்தால் இங்கே முதலில் ஞாபகம் வருவது காசநோய்தான். அப்படிக் கைநழுவிப்போகும் வருடங்கள் நுரையீரலுக்குப் பெரிய நஷ்டம்.

உப்பு ஏன் தங்குகிறது? வியர்வைச் சுரப்பியின் அடியில் ஊறும் நீர் ரத்தத்தைப் போலவே உப்பானது. குழாய் வழியே மேலேறும்போது அதிலுள்ள குளோரைடை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், சோடியமும் கூடவே போய்விடும். இந்த நோயாளிகளின் குழாய்ச் சுவரில் குளோரைடு நுழையவே வழியில்லை என்று 1983-இல் நிரூபித்தவர் கலிபோர்னியாவின் பால் குவின்டன். அவருக்கே இந்த நோய் இருந்தது. தன் தோலிலிருந்து எடுத்த சுரப்பிகளையும் ஆய்வுக்குப் பயன்படுத்தியவர் அவர்.

அடைபட்ட அந்த வாசலுக்கான மரபணு 7-வது குரோமோசோமில் இருப்பதை 1989-இல் லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்த வாசல் 1,480 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். ஐரோப்பிய நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு அதன் 508-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் விடுபட்டிருக்கிறது. அந்த ஒன்று இல்லாததால் புரதம் சரியாக மடிவதில்லை. செல்லின் சுவருக்குப் போய்ச் சேருமுன் செல்லே அதைச் சிதைத்துவிடுகிறது.

மரபணு கிடைத்தாயிற்று, இனி மருந்து பக்கத்தில்தான் என்று அன்று நினைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை நன்கொடைப் பணத்தை ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வில் போட, அங்கே லட்சக்கணக்கான வேதிப்பொருட்களைச் செல்களின்மேல் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 2012-இல் ஐவகாஃப்டர் வந்தது. சுவர்வரை வந்தும் திறக்காமல் நிற்கும் புரதத்தைத் திறக்கவைக்கும் மருந்து இது. நோயாளிகளில் சிறு பங்கினருக்கே பயன்பட்டது. மடிப்பைச் சரிசெய்யும் இரண்டு மருந்துகளை அதோடு சேர்த்து 2019-இல் டிரிகாஃப்டா வந்தபோதுதான் பெரும்பாலானோருக்கு வழி பிறந்தது. முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே, வருடக்கணக்காக உறைந்திருந்த சளி வெளியே வரத் தொடங்கியதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

விலையைக் கேட்டால் மூச்சு நிற்கும். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்கு 3,11,000 டாலர். ஆய்வில் பணம் போட்ட அறக்கட்டளையோ தன் ராயல்டி உரிமையை 2014-லேயே 330 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. அந்தப் பணம் மேற்கொண்டு ஆய்வுக்குப் போகிறது என்றாலும், இந்தக் கணக்கு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அர்ஜென்டினாவில் ஒரு நிறுவனம் டிரிகாஃப்டாவின் நகலைக் குறைந்த விலைக்குத் தயாரிக்கிறது.

மலிவாகக் கிடைத்தாலும் எல்லாருக்கும் உதவாது. சிலருக்கு அந்தப் புரதமே உருவாவதில்லை. இல்லாததை எப்படி மடிக்க, எதைத் திறக்க? அவர்களுக்காக, மரபுக் கட்டளையைத் தாங்கிய எம்.ஆர்.என்.ஏ-வை மூச்சுவழியே நுரையீரலுக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனைகள் நடக்கின்றன. இந்திய நோயாளிகளிடம் அந்த 508-வது இடத்துப் பிழை ஐரோப்பாவைவிடக் குறைவு, வேறு பிழைகள் அதிகம். யாருக்கு எந்தப் பிழை என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்ற பேச்சே வரும்.