சுறாவைத் தாண்டிய கதை

பாலக்காட்டிலும் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் வாழும் நம் இல்லங்களில், அந்தி விளக்கேற்றியதும் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்கள் ஒலிக்கத் தொடங்குகின்றன. தொடர் வீணே நீண்டால், "ஜவ்வாய் இழுக்கிறான்" என்று சலித்துக்கொள்கிறோம். அமெரிக்கரோ, "அது சுறாவைத் தாண்டிவிட்டது" என்பர்.

இச்சொல் பிறந்த வரலாறு சுவையானது. 'ஹாப்பி டேஸ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், 1977 செப்டம்பர் 20 அன்று, ஃபான்ஸி என்னும் பாத்திரம் நீர்ச்சறுக்கில் விரைந்து ஒரு சுறாவைத் தாண்டியது. குடும்பக் கதைக்குச் சுறா எதற்கு? 1985இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் சிலர், தத்தம் விருப்பத் தொடர்கள் கெட்ட கணம் எதுவெனப் பேசியிருந்தபோது, ஷான் கானலி என்பவர் இக்காட்சியைச் சுட்டினார். அவர் நண்பர் ஜான் ஹைன் 1997 முதல் இச்சொல்லைப் பரப்பினார்.

ஜவ்வு நீளத்தைக் குறிக்கும். சுறாவோ சரிவு தொடங்கிய கணத்தைக் குறிக்கும். அக்கணத்திற்குப் பின்னும் 'ஹாப்பி டேஸ்' 1984 வரை ஓடியது. விளம்பர வருவாய் உள்ளவரை கதைகள் எளிதில் முடிவதில்லை. இரயில்வே அலுவலில் உள்ள நாம் ஒன்றறிவோம்: சேருமிடம் வந்தபின் வண்டி ஓடலாகாது.

மலையாள வழியில் பயிலும் நம் சிறார் பலர்க்கு, வீட்டில் செவிப்படும் தமிழ் இத்தொடர்த் தமிழே. ஆதலின், சுறா தாண்டப்பட்ட அன்றே பெட்டியை அணைப்போம். அந்த அரைமணியில் அவர்களோடு நாமே தமிழில் உரையாடுவோம்.