மாட்டுக்கு அளந்த மருந்து நாய்க்கு வேண்டாம்!

தோட்டத்து வீடுகளில் காவலுக்கு ஒரு நாட்டு நாய், திண்ணைக்கு ஒரு குட்டை நாய் என்று இரண்டு இருப்பது இப்போது சாதாரணம். பொமரேனியன் என்று சொல்லி வாங்கிய குட்டி, வளர வளர காது மடிந்து, கால் நீண்டு, பாதிதான் பொமரேனியன் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்காக வாசலில் காத்திருக்கும். பால் கறக்கும் நேரத்தில் தொழுவத்துக்கு வந்து தன் பங்குக்காக உட்கார்ந்திருக்கும். எடை ஐந்து, ஆறு கிலோதான்.

அந்த எடையில்தான் ஆபத்து இருக்கிறது. தோட்டத்து வீட்டில் இருக்கிற மருந்தெல்லாம் மாட்டுக்காக அளந்தது!

அரை மில்லிதானே?

உண்ணி அப்பிப் போய் நாய் காதைச் சொறியும்போது, மாட்டுக்குப் போட்டு மீந்த ஐவர்மெக்டின் ஊசி மருந்து ஞாபகத்துக்கு வரும். 'சின்ன நாய், அரை மில்லி போதும்' என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். 300 கிலோ மாட்டுக்கு அளவு 6 மில்லி. அதாவது, 50 கிலோவுக்கு ஒரு மில்லி. ஐந்து கிலோ நாய்க்கு அரை மில்லி போட்டால், எடைக்கு எடை, மாட்டுக்குப் போடுவதைப்போல ஐந்து மடங்கு உள்ளே போகிறது.

எச்சில் வடிவது, கண்மணி விரிவது, தள்ளாடுவது, நடுக்கம், பார்வை மங்குவது... முற்றினால் நினைவு தப்பிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி நாள் கணக்கில் காத்திருக்கத்தான் முடியும். கோலி போன்ற மேய்ப்பு இனங்களில், மரபணுக் குறையால் சில நாய்கள் இந்த மருந்தைக் கொஞ்சம்கூடத் தாங்காது. கலப்பின நாயின் பாட்டன் யார் என்று யாருக்குத் தெரியும்? மருத்துவர் சோதித்து, அளந்து கொடுப்பது வேறு.

தொழுவத்தில் தெளிக்கும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் கரைசல்களும் அப்படித்தான். கைக்கணக்கில் கலந்து குளிப்பாட்டினால், நாய் உடம்பை நக்கி மருந்தைக் குடித்துவிடும். பயிருக்கு அடிக்கும் மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூலிகைதானே என்று மாட்டு உண்ணிக்கு அரைத்த விழுதைப் பூசுவதும் சரியல்ல. அதில் சேரும் பூண்டு, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

உண்ணி இருப்பது சுவரில்

மாட்டு உண்ணி வேறு, நாய் உண்ணி வேறு. மாட்டு உண்ணி குஞ்சிலிருந்து வளர்ந்து முடியும்வரை மாட்டின் மேலேயே இருக்கும். நாய் உண்ணியோ ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கும் சாக்கிலும் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் பத்து நாளில் பழைய கதைதான். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, சாக்கை எரித்துவிட்டுப் புதிது போடுவது பாதி வைத்தியம்.

நாய்க்கென்றே எடைவாரியாக வரும் மாத்திரைகளும், பிடரியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. சில மாத்திரைகள் மூன்று மாதம் வரை தாங்கும். விலை கூடுதல்தான். ஆனால், உண்ணிக் காய்ச்சல் வந்து அலைவதற்கு இது தேவலை. வலிப்பு வந்த நாயாக இருந்தால், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சோறு தொடாமல் படுத்திருப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும். மனிதக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

எடை பார்ப்பது சுலபம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஒருமுறை, தனியாக ஒருமுறை நின்று கழித்தால் போதும். அந்த எண்ணை வெறிநோய்த் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வைத்தால், ராத்திரியில் மருத்துவருக்குப் போன் செய்யும்போது அவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.