பிங் வந்தால் போதுமா?

நண்பர்களே, நெட்வொர்க் லேப்பில் நாம் முதலில் கற்கும் கட்டளை ‘பிங்’. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் எழுதிய சின்ன புரோகிராம் அது. இன்றும் கம்பெனியில் எது நின்றாலும் முதலில் அதைத்தான் அடிக்கிறார்கள். ரிப்ளை வந்துவிட்டால், “லைன் நல்லாத்தான் இருக்கு, சாஃப்ட்வேர்லதான் கோளாறு” என்று தீர்ப்பு! சாஃப்ட்வேர்காரரோ, “எங்க பக்கம் ஓகே, கேபிள் போட்ட பையனைக் கேளுங்க” என்பார். நாளைக்கு வேலைக்குப் போனால் அந்தப் பையன் நாம்தான். அதனால் அளந்து பேசக் கற்றுக்கொள்வோம்.

விண்டோஸில் பிங் அடித்தால் போவது 4 பாக்கெட். நூற்றுக்கு ஒன்று தொலையும் லைனில்கூட, நாலும் பத்திரமாகத் திரும்பிவர சுமார் 96 சதவீத வாய்ப்பு உண்டு. நோய் இருந்தும் ‘லாஸ் 0%’ என்றே காட்டும்! ஆகவே 1000 பாக்கெட்டாவது அனுப்பிப் பாருங்கள்.

‘நூற்றுக்கு ஒன்றுதானே, போனால் போகட்டும்’ என்கிறீர்களா? டி.சி.பி. தொலைந்ததைத் திரும்ப அனுப்புவதோடு நிற்காது. வழியில் நெரிசல் என்று நினைத்து வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். மாத்திஸ் முதலியோர் 1997-இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். போய்வர 100 மில்லி செகண்ட், 1460 பைட் துண்டு, லாஸ் 1% என்றால், ஒரு கனெக்ஷனுக்குக் கிடைப்பது வினாடிக்கு சுமார் 1.4 மெகாபிட். லைன் 100 மெகாபிட்டாக இருந்தாலும் அவ்வளவுதான்! இது ரீனோ என்ற பழைய முறைக்கான கணக்கு, பி.பி.ஆர். போன்ற புதிய முறைகள் இதைவிடத் தாங்கும்.

சரி, எங்கே தொலைகிறது? ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் கவுண்டர் உண்டு. சி.ஆர்.சி. எரர் ஏறினால் முதலில் கேபிள், கனெக்டர் பக்கம் பாருங்கள். அவுட்புட் டிஸ்கார்டு ஏறினால், போர்ட் தாங்குவதைவிட அதிக டிராஃபிக் வருகிறது என்று பொருள். மொத்த எண் எவ்வளவு என்பதைவிட, இப்போது ஏறுகிறதா என்பதே கேள்வி. நான் இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில், ஸ்டாக் என்ட்ரி இழுக்கிறது என்று இரண்டு நாள் சண்டை. சீனியர் ஒருவர் 1000 பிங் அனுப்பினார், 13 திரும்பவில்லை. ஒரு போர்ட்டில் சி.ஆர்.சி. ஏறிக்கொண்டே இருந்தது. பேட்ச் கார்டை மாற்றினார், சண்டை முடிந்தது!

லைன் சுத்தமாக இருந்தும் அப்ளிகேஷன் படுத்திருக்கலாம். பிங்குக்குப் பதில் சொல்வது ஆபரேட்டிங் சிஸ்டம். டேட்டாபேஸ் நின்றுபோயிருந்தாலும் அது “இருக்கேன்” என்னும். வாட்ச்மேன் குரல் கொடுத்தால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமா? ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் லாகின், ஒரு சின்ன குவெரி என்று நிஜ வேலையைச் செய்து பார்த்து, ஆன நேரத்தைக் குறிக்க வேண்டும். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 95 பேருக்கு 0.2 செகண்ட், 5 பேருக்கு 10 செகண்ட் என்றால் சராசரி 0.69தான். அந்த 5 பேரின் எரிச்சல் அதில் தெரியாது.

இவற்றையெல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே குறித்து வையுங்கள். அப்போதுதான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். நம் லேப்பில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்விட்சும் இருக்கின்றன. இந்த வாரமே ஆரம்பிக்கலாம், வாங்களேன்!