காற்றாடிக்கு எந்த டைனமோ?

கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் திருகோணமலை லிங்கநகரில் கொடியில் போட்ட துணி நிற்காது. "வாப்பா, பழைய கார் அல்டர்னேட்டர் ஒன்றைக் காற்றாடியில் பூட்டினால், கரண்ட் கம்பி எட்டாத நமது மீன்வாடிக்கு லைட் எரியாதா?" என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஆனால் காசை எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள்.

2 மீட்டர் குறுக்களவுள்ள காற்றாடியை எடுத்துக் கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்றுச் சுற்றும். கிடைப்பது சுமார் 60 வாட். இவ்வளவுதான் நம் கையிருப்பு!

கார் அல்டர்னேட்டர்

இது மலிவு, எந்த கராஜிலும் கிடைக்கும். ஆனால் பெட்டரியைச் சார்ஜ் செய்ய இதற்கு நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் வேண்டும். பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டினால் அதிலும் சக்தி வீணாகும். இன்னொரு செலவும் உண்டு. இதன் உள்ளே நிலையான காந்தம் இல்லை. பெட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தே காந்தமாகிறது. அதற்கு 3 அம்பியர் போனால் 36 வாட். 60 வாட்டில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும்!

தண்ணீர் மோட்டார்

சாதாரண ஏசி மோட்டாரைக் கப்பாசிட்டர் இணைத்துச் சுழற்றினாலும் மின்சாரம் வரும். இலங்கையின் மலைநாட்டுக் கிராமங்களில் ஓடை நீரைக் கொண்டு இப்படித்தான் பல வீடுகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. ஆனால் ஓடை ஒரே சீராக ஓடும், காற்று அப்படியா? 1,500 சுற்றை எதிர்பார்க்கும் மோட்டார், 300 சுற்றில் உறங்கிவிடும்.

காந்த டைனமோ

1990களில் போரினால் மின்சாரம் இழந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பெட்டரி இல்லாமல் அது எப்படி வேலை செய்தது? உள்ளே நிலையான காந்தம் இருந்ததால்தான். அதே தத்துவத்தைப் பெரிதாக்கி, வட்டத் தட்டில் பல காந்தங்களைப் பதித்து, அருகே செப்புக் கம்பிச் சுருள்களை வைத்தால் குறைந்த சுற்றிலேயே மின்சாரம் பிறக்கும். பெல்ட்டும் வேண்டாம். ஸ்கொட்லாந்தின் ஸ்கோரெய்க் கிராமத்து ஹியூ பிகொட், இதைச் சிறு பட்டறையிலேயே செய்யும் முறையை ஐ.டி.டி.ஜி. நிறுவனத்துக்காக 2001இல் கைநூலாக எழுதினார். இலங்கையும் பெருவும் அந்தத் திட்டத்தில் இருந்தன.

குறையும் இல்லாமலில்லை. நியோடிமியம் காந்தம் விலை கூடியது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். அதிகம் சூடேறினால் வலுவிழக்கும். ஆகவே ரெசின் ஊற்றி மூடவேண்டும். பலத்த காற்றில் பெட்டரி இணைப்பைக் கழற்றவே கூடாது. சுமையில்லாத காற்றாடி கட்டுமீறிச் சுழன்று இறக்கை பறந்துவிடும். கீழே குழந்தைகள் விளையாடும் இடம் என்பதை மறக்காதீர்கள்.

கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கும் வரை இடையில் காற்றுச் சோரும் நாட்களும் உண்டு. சூரியத் தகடு விலை குறைந்துவிட்ட இன்று, முதலில் அதை வாங்குங்கள். இரவிலும் மழை மப்பிலும் துணையாகக் காற்றாடி இருக்கட்டும். மகனிடம் இதைச் சொல்லுங்கள்: மலிவாகக் கிடைப்பதைத் தேடாதே, மெதுவாகச் சுற்றினாலும் தருவதைத் தேடு.