கூண்டில் மிஞ்சிய குரல்

அட்டனிலிருந்து சற்றே உள்ளொதுங்கிய தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான பழைய லயத்தின் இஸ்தோப்பு எனும் முன்திண்ணையில் நான் உட்கார்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், "ஏ புள்ள, அடுப்பைப் பாரு!" என்று தளர்ந்த கிழக்குரல் ஒன்று தலைக்குமேல் எழுந்தது. அந்தக் குரலுக்குரிய அப்பாயி காலமாகி இரண்டு வருஷங்கள் ஆயின என்பதும், பேசியது விட்டத்தில் தொங்கிய கூண்டுக் கிளி என்பதும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மாமியார் இருந்த காலத்தில் அந்த ஏவலைக் கேட்டு எரிச்சலடைந்தவள்தான் அவள். இப்போதோ, கிளி அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் தன்னை அறியாமலே அடுப்படியை எட்டிப் பார்க்கிறாள்.

கிளிக்கு ஏன் மனிதக் குரல் வசப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால், இந்த பந்தத்தின் ஸ்வரூபமும் ஓரளவு விளங்கும். கிளியினம் கூட்டமாக வாழ்வது. கூட்டத்தில் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் ஒலிகளைப் பிறவியிலேயே பெற்றுவிடாமல், கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வது. நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்று பொதுவாகச் சொல்லி வளர்க்கும் பறவைகளிற் பல, உண்மையில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குரிய பட்ஜரிகர்கள்; அவற்றிலே ஆண், தன் துணையின் அழைப்பொலியைக் கற்று அதையே தன் ஒலியாக்கிக்கொள்ளுகிறது. ஆகவே, தன் இனத்தாரைப் பிரிந்து கூண்டில் தனித்திருக்கும் பறவை வீட்டாரின் வார்த்தையைத் திருப்பிச் சொல்வது வெறும் வேடிக்கையன்று. அக்குடும்பத்தையே தன் கூட்டமாக வரித்துக்கொண்டதன் அடையாளம் அது.

இளையவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் வேலை தேடிப் போய்விட, முதியவர்கள் காம்பராவில் தனித்துவிடும் இக்காலத்தில், காலையில் கண்விழித்ததும் தானியமும் தண்ணீரும் வைக்கவேண்டிய ஒரு ஜீவன் இருப்பது சிறிய காரியமல்ல. கூண்டிலடைத்து வைப்பது தர்மந்தானா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. மலைநாட்டுச் சோலைகளில் பறக்கும் சாம்பல் முதுகுக் கிளி இலங்கைக்கு மட்டுமே உரியது என்பதையும், காட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் வனஜீவராசிகள் கட்டளைச் சட்டம் பாதுகாப்பளித்திருக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. அந்தக் கிளியின் விஞ்ஞானப் பெயரில், லேயார்ட் என்ற ஆங்கிலேய உத்தியோகஸ்தர் தம் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரைப் பொதியச் செய்தார். அன்புக்குரியவர்களின் ஞாபகத்தைப் பறவையிடம் ஒப்படைப்பது லயத்து மனிதருக்கு மட்டும் உரிய பழக்கமல்ல போலும்.

அத்தகைய பறவையையே பிரிய நேர்ந்த காலமும் உண்டு. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியபோது, தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வைத்தார்கள். டிரங்குப் பெட்டியில் அடங்காத உயிர்களை, நாயானாலும் கிளியானாலும், அயல் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. உறவினரைப் பிரிந்ததற்கு வாய்விட்டு அழுதவர்கள், இவற்றுக்காக அழுதால் பிறர் நகைப்பார்களே என்று அதையும் சேர்த்து அந்த அழுகையிலேயே கரைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தோட்டத்தில் மனிதர் இறந்தால் தப்பு முழங்கும். மேல்லயமும் பணியலயமும் திரண்டு வரும். ஒப்பாரி விடிய விடிய ஒலிக்கும். பறவை இறந்தாலோ, "ஒரு கிளிக்கா இம்புட்டு?" என்ற ஒரு வார்த்தையோடு விவகாரம் முடிந்துபோகும். சமூகம் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் விரிவாக எழுதினார்: அழுவதற்குரிய பாத்தியதை மறுக்கப்படுவதே அந்தத் துயரை இன்னும் கனக்கச் செய்கிறது. இத்தனைக்கும் மலையகத்தின் மகத்தான துக்க நாடகத்தில் கிளிக்கு இடமில்லாமலில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தில் எரிந்துபோகும் மன்மதனுக்கு வாகனமே கிளிதான்; ரதியின் புலம்பலைக் கேட்டுக் கலங்காத லயம் ஏது?

பறவையை இழந்த துக்கத்தோடு சேர்ந்து குற்றவுணர்ச்சியும் வருத்தும். காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பறவை வேட்டையாடும் பிராணிக்கு எளிதில் இரையாகிவிடும். ஆதலால் அது கடைசிவரை நோயை மறைத்தே வைக்கும். இறகை உப்பவைத்துக் கூண்டின் அடியில் அது குந்தியிருப்பதை நாம் காணும்போது, பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதிலும் இது குளிர்ந்த மலைநாடு; நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். மார்கழி, தை மாதங்களின் பனியும், அடைத்த காம்பராவின் விறகுப் புகையும் பறவையின் நுட்பமான சுவாசத்துக்குப் பகை. "நேத்தே பாத்திருந்தா..." என்று நெஞ்சில் அறைந்துகொள்பவர்களுக்கு இந்த இயற்கை நியதியை யாராவது எடுத்துச் சொல்லலாம், முழு ஆறுதல் கிடைக்காவிட்டாலும் பழியின் பாரமாவது குறையும்.

சென்ற தை மாதத்தில் அந்த இஸ்தோப்புக் கிளியும் இறந்துபோயிற்று. மாமியாரின் புகைப்படமென்று அந்த வீட்டில் இருப்பது அடையாள அட்டையிலுள்ள மங்கிய ஒன்றுதான். அவளுடைய குரலோ வேறெங்கும் இல்லை. ஆகையினால் மருமகளுக்கு அது இரண்டாவது சாவாக இருந்தது. சொந்தமென்று ஒரு சாண் பூமியில்லாத லயத்தில், பின்புறத்து மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில், பழைய கொழுந்துப் படங்கின் கிழிசலில் சுற்றி அதைப் புதைத்தாள். தப்பு முழங்கவில்லை, பக்கத்துக் காம்பராக் கிழவர் மட்டும் மண்வெட்டியோடு வந்து குழி பறித்துக் கொடுத்துவிட்டு, ஒரு பேச்சும் பேசாமல் போனார்.

மறுபடியும் நான் அங்கே போயிருந்தபோது பாத்தியில் கோவா நட்டிருந்தார்கள். வரிசை பிசகாமல் நடப்பட்ட அந்தக் கன்றுகளுக்கிடையே, ஓரத்தில் ஒரு கன்றுக்குரிய இடம் மட்டும் வெறுமனே கிடந்தது.